புகைபோக்கியை எண்ணிப் பாருங்கள்

பழைய பிலிமை டிஜிட்டலுக்கு மாற்றுவது என் தொழில். "எம்டன் சென்னையைச் சுட்ட காட்சி சார் இது, கொஞ்சம் தெளிவாக்கித் தாங்க" என்று அடிக்கடி யாராவது ஒரு துண்டு வீடியோவை அனுப்புவார்கள். திறந்து பார்த்தால் பட்டப்பகல், நடுக்கடல், ராட்சசப் பீரங்கிகள் வைத்த பேட்டில்ஷிப் ஒன்று.

முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டது 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை வாக்கில். அந்தக் காலத்துப் பிலிமுக்கு வெயில் வேண்டும். கடல் இருட்டில் ஒன்றும் பதிந்திருக்காது. எம்டன் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து வைத்திருந்த சின்னக் குரூசர், புகைபோக்கி மூன்று. (பினாங்கில் நாலாவதாகப் போலி ஒன்றை மாட்டிக்கொண்டு போனது தனிக்கதை.) வீடியோவில் இருக்கும் கப்பலுக்கு இரண்டு.

சரி, அப்படியானால் காட்சி பொய்யா? கப்பல் நிஜம், சூடும் நிஜம், எதிரிதான் கிடையாது. மௌனப்பட காலத்துப் பீரங்கிச் சூட்டுக் காட்சிகளில் பெரும்பாலானவை கடற்படைப் பயிற்சியின்போது எடுத்தவை, ஏனென்றால் அப்போதுதான் கேமராவையும் முக்காலியையும் நிதானமாக நிறுத்த முடியும். பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய 1916 ஜட்லாந்துச் சண்டையில் புகைக்கும் மூடுபனிக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த கப்பலைச் சுட்டவர்களுக்கே குறி சரியாகத் தெரியவில்லை, கேமராவுக்கு என்ன தெரியும்?

விதிவிலக்கு உண்டு. 1918 ஜூன் 10 அதிகாலை மூன்றரை மணி சுமாருக்கு இத்தாலிய டார்பிடோ படகிடம் அடிபட்ட ஆஸ்திரிய-ஹங்கேரியக் கப்பல் சென்ட் இஷ்ட்வான், விடிந்து ஆறு மணிக்கு மேல்தான் கவிழ்ந்தது. வெளிச்சம் வந்துவிட்டது, கூடவே டெகெட்ஹாஃப் என்ற துணைக்கப்பலும் இருந்தது, அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். புரளும் கப்பலின் மேல் எறும்பு மாதிரி ஆட்கள் ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள், ஆனால் வேறு ஏதோ சண்டையின் பெயரில். இறந்தவர்கள் 89 பேர், எனக்கு அதில்தான் கோபம்.

நேர்மாறான தவறும் நடக்கிறது. கையால் சுற்றி, நொடிக்குச் சுமார் 16 பிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் அலை படபடக்கும், கப்பல் பொம்மை மாதிரி ஆகிவிடும். உடனே 'செட்டு' என்பார்கள். செட்டு போட்டவர்களும் இருந்தார்கள்: அமெரிக்காவும் ஸ்பெயினும் மோதிய 1898 கியூபா சண்டையை நியூயார்க்கில் பிளாக்டன், ஸ்மித் என்ற இரண்டு படக்காரர்கள் கப்பல் படங்களை வெட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருட்டுப் புகையில் முடித்துவிட்டார்கள். அதனால் வேகத்தைச் சரிசெய்யாமல் நான் எதையும் தீர்மானிப்பதில்லை.

வீட்டில் பிலிம் டப்பாவே இருந்தால் வீடியோ வேண்டாம், பிலிமின் ஓரத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். 'நைட்ரேட்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் கூரியரில் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும் சரக்கு அது. வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் போன் செய்யுங்கள்.