எட்டு வாரக் கணக்கு: உணவுக்குழாய் அழற்சியும் மருந்தாய்வுகளும்

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், மழை விடாத ஓர் ஆடி மாதக் காலையில் என் அறைக்கு வந்து, மஞ்சள் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமீது அடுக்கினார். எல்லாம் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம். "ரெண்டு வருசமா இதைத்தானுங்க டாக்டர் போடுறேன். போட்டா அடங்குது, விட்டா நெஞ்சு காந்துது. அல்சருன்னு சொல்றாங்க" என்றார். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது இரைப்பையில் புண் எதுவும் இல்லை. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில்தான், ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்பைத் தாண்டி ஓடும் செந்நிறப் புண்கள் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் வகைப்பாட்டில் இது 'சி' நிலை. ஏ, பி, சி, டி என்ற நான்கு படிகளில் மூன்றாவது. (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நல்ல மருந்தை இரண்டு ஆண்டுகள் விழுங்கிய பிறகும் புண் ஏன் ஆறவில்லை? மாத்திரையை எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி சோறு தின்னுட்டு, காந்துனா போடுவேன். காந்தலைன்னா எதுக்கு?" என்றார். விடை அதிலேயே இருந்தது.

நமது உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். இரைப்பையின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் கவசம் உண்டு. உணவுக்குழாய்க்கு அது கிடையாது. இரண்டுக்கும் இடையிலுள்ள சுருக்குத்தசை தளரும்போது அமிலம் மேலேறி, உட்சுவரை அரித்து அழற்சியை உண்டாக்குகிறது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், எதுக்களிப்பு என்று நாம் சொல்பவை பெரும்பாலும் இதன் அறிகுறிகளே. நம் வழக்கில் இவை அனைத்தும் 'அல்சர்' அல்லது 'கேஸ்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால்தானோ என்னவோ மருந்தும் ஒன்றே போதும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற மருந்துகள் இரைப்பைச் செல்களில் அமிலத்தை வெளியேற்றும் 'பம்பு'களைப் பூட்டிவிடுகின்றன. ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அவற்றால் பூட்ட முடியும். பம்புகள் இயங்கத் தொடங்குவது நாம் உண்ணும்போது. மருந்தோ இரத்தத்தில் ஓரிரு மணி நேரமே போதிய அளவில் இருக்கும். எனவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை உள்ளே போயிருந்தால்தான், சோறு இறங்கிப் பம்புகள் விழிக்கும் வேளையில் மருந்தும் அங்கே காத்திருக்கும். சாப்பிட்டு முடித்துப் படுக்கப்போகும்போது போட்டால், விருந்து முடிந்தபின் வந்த சமையற்காரர் கதைதான்.

இங்கே என் தவறையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளாக நான் மருந்துச்சீட்டில் 'உணவுக்கு முன்' என்று கிறுக்கியதோடு சரி. ஏன் என்று விளக்கியதில்லை. காரணம் தெரியாத கட்டளை எத்தனை நாளைக்கு நிற்கும்? இப்போது நோயாளியின் அன்றாடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் ஒரு முளை அடித்து மாத்திரையைக் கட்டிவிடுகிறேன். இந்த அம்மா காலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டி, ஆறரைக்குச் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் புறப்படுகிறவர். "அடுப்புப் பற்ற வைத்ததும் மாத்திரை, எரிந்தாலும் எரியாவிட்டாலும் எட்டு வாரம்" என்று சொல்லி அனுப்பினேன்.

எட்டு வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது. அமிலத்தால் வரும் உணவுக்குழாய் அழற்சியைத் தனி நோயாக ஆஷர் விங்கெல்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தது 1935இல். அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு அமிலமுறிப்பு மருந்துகளைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கைவசம் இல்லை. 1976இல், அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னணியிலிருந்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே 1988இல்தான் ஒமெப்ரசோல் சந்தைக்கு வந்தது. இவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 1997இல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. அதில் அடங்கியோர் 7,635 பேர். பன்னிரண்டு வாரங்களுக்குள் எண்டோஸ்கோப்பியில் புண் ஆறியிருந்தோர் ஒமெப்ரசோல் வகை மருந்துகளில் 100க்கு 84 பேர். சிமெடிடின், ரானிடிடின் வகையில் 52 பேர். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 28 பேர். பின்னாளில் வந்த பல பெரிய ஆய்வுகள் ஆறுதலை அளப்பதற்கு எட்டு வாரத்தை எல்லையாக வைத்துக்கொண்டன. நம் மருந்துச்சீட்டில் உள்ள எட்டு வாரமும் அந்த வழியில் வந்ததே.

வெற்று மாத்திரையிலும் 28 பேருக்கு ஆறியது என்ற எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். "சுக்குக் கசாயம் குடித்தேன், சரியாகிவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கசாயம் ஆற்றியதா, தானே ஆறியதா என்பதை அவர் ஒருவரின் அனுபவத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு வேண்டும் என்று ஆய்வாளர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். இந்த விதி என் மருந்துச்சீட்டுக்கும் பொருந்தும்.

இன்னொன்று: அந்த 84 பேரும் மருந்தை நாள்தோறும், குறித்த வேளையில், குறித்த காலம் முழுவதும் உட்கொள்ளும்படி கண்காணிக்கப்பட்டவர்கள். காந்தும்போது மட்டும் போடுகிறவருக்கு அந்த எண் சொந்தமில்லை. எரிச்சல் நின்றுவிட்டது என்பதும் புண் ஆறிவிட்டது என்பதும் வேறு வேறு. முதலாவது சில நாட்களில் நேரலாம், இரண்டாவதற்கு வாரங்கள் ஆகும். இதனால்தான் 'சி', 'டி' நிலைகளில் சிகிச்சைக்குப் பின் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கிறோம். அழற்சி மறைத்துக்கொண்டிருந்த வேறு மாற்றங்கள் உண்டா என்பதும் அப்போதுதான் தெரியும். அந்த அம்மாவுக்கு எட்டு வாரம் கழித்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பான, வழவழப்பான உட்சுவர். ஆனாலும் இந்த நிலைகளில் மருந்தை அடியோடு நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் புண் திரும்பிவிடுகிறது என்பதால் மாத்திரை தொடர்கிறது.

"காலம் முழுக்கப் போட்டால் சிறுநீரகம் போய்விடுமாமே, எலும்பு தேய்ந்துவிடுமாமே" என்ற கேள்வி உடனே வரும். இந்த அச்சங்களுக்கு அடிப்படையாக உள்ளவை பெரும்பாலும், ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பிறரோடு ஒப்பிட்ட கணக்கெடுப்புகள். உடல்நிலை மோசமானவர்களுக்கே இந்த மருந்து அதிகம் எழுதப்படுவதால் குழப்பம் நேர எல்லா வாய்ப்பும் உண்டு. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 17,598 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்குப் பான்டோப்ரசோலும் மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கொடுத்தது. சிறுநீரக நோய், எலும்பு முறிவு, மறதிநோய் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குடல் தொற்று மட்டும் பான்டோப்ரசோல் எடுத்தோரிடம் சற்றுக் கூடுதலாக 1.4 விழுக்காடும், வெற்று மாத்திரை எடுத்தோரிடம் 1.0 விழுக்காடும் இருந்தது. அவர்கள் இதய, இரத்தக்குழாய் நோயாளிகள், காலமும் மூன்றே ஆண்டுகள் என்பதால், இருபதாண்டுப் பயன்பாட்டுக்கு இதை அப்படியே நீட்ட முடியாது. தேவையுள்ளவர் அஞ்சி நிறுத்த வேண்டாம், தேவையற்றவர் பழக்கத்தால் விழுங்க வேண்டாம் என்ற அளவுக்கு இது போதும். இரண்டாவது வகையினர்தான் நம்மிடையே அதிகம் என்பது என் கணிப்பு.

புதிய வரவு வோனோப்ரசான். ஜப்பானில் பத்தாண்டுகளுக்கு மேலாகவும், இப்போது இந்தியாவிலும் புழங்குகிறது. இதுவும் அதே பம்பைத்தான் தடுக்கிறது. ஆனால் பம்பு விழிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாததால் சாப்பாட்டு நேரம் பெரிதாகப் பொருட்டில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1,024 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், எட்டு வாரத்துக்குள் ஆறியவர்கள் வோனோப்ரசானில் 93 விழுக்காடு, பழைய வகையைச் சேர்ந்த லான்சோப்ரசோலில் 85 விழுக்காடு. 'சி', 'டி' நிலையினரிடம் இரண்டாவது வாரத்திலேயே 70 விழுக்காடு, 53 விழுக்காடு என்று வேறுபாடு தெரிந்தது. எனினும் பழைய மருந்தை ஒழுங்காகப் போட்டுப் பார்க்காமலேயே புதியதற்குத் தாவுவதை நான் ஊக்குவிப்பதில்லை. நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவத்தில் பழையதே மூத்தது, விலையும் குறைவு.

எல்லா அழற்சியும் அமிலத்தால் வருவதில்லை. நம் மலைக்குளிரில் எளிதில் நேரக்கூடிய ஒரு வகையைச் சொல்கிறேன். மார்கழிக் குளிரில், முகப்பருவுக்காக டாக்சிசைக்ளின் எடுத்துவந்த கல்லூரி மாணவி ஒருவர், தண்ணீர் பல்லைக் கூசவைக்கிறது என்று ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கம்பளிக்குள் புகுந்துகொண்டார். விடியற்காலையில் எச்சில்கூட விழுங்க முடியாத வலி. மாத்திரை நடுவழியில் ஒட்டிக்கொண்டு கரைந்து, அந்த இடத்தைச் சுட்டிருந்தது. எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட், சில வலிமாத்திரைகள், இரும்புச்சத்து மாத்திரை, பொட்டாசியம் ஆகியவையும் இப்படிச் செய்யக்கூடியவை. ஒரு தம்ளர் நிறைய வெதுவெதுப்பான நீர், அதன்பின் அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது; இதற்கு மேல் ஒரு செலவும் இல்லை.

மற்றொன்று ஒவ்வாமை சார்ந்த இயோசினோபில் (ஒருவகை இரத்த வெள்ளையணு) அழற்சி. தனி நோயாக 1990களில்தான் அடையாளம் காணப்பட்டது. விடுதிப் பள்ளி மாணவன் ஒருவன். சாப்பாட்டு மணி முடிந்தும் எழுந்திருக்க மாட்டான், ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பான், சப்பாத்தியைக் கண்டால் ஒதுங்குவான். சோம்பல் என்று கண்டிக்கப்பட்டான். ஒருநாள் கோழித்துண்டு சிக்கிக்கொண்டபோதுதான் எங்களிடம் வந்தான். இந்த நோயில் உட்சுவர் பார்வைக்கு ஏறக்குறைய இயல்பாகவும் இருக்கலாம்; துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு பார்வைப் புலத்தில் 15 இயோசினோபில்களுக்குக் குறையாமல் இருந்தால்தான் உறுதி செய்கிறோம். அமிலத்தடுப்பு மருந்துக்கு இவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேரே இணங்குகிறார்கள். அவனுக்கு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொண்ட ஆஸ்துமா ஸ்பிரேயைக் கொடுத்து, "தம்பி, மூச்சை இழுக்காதே, வாயில் அடித்து விழுங்கு, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாதே" என்றபோது அவன் என்னை நம்பாமல் தாயைப் பார்த்தான். உணவு விலக்கு பற்றியும் நல்ல ஆய்வு உண்டு: 129 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான அந்த ஆய்வில், ஆறு வகை உணவுகளை விலக்கியோரில் 40 விழுக்காட்டினருக்கும், பாலை மட்டும் விலக்கியோரில் 34 விழுக்காட்டினருக்கும் அழற்சி தணிந்தது; இந்த இடைவெளி பொருட்படுத்தத்தக்கதன்று. ஒரு சிறுவனுக்கு ஆறு உணவுகளை மறுப்பதற்கும் ஒன்றை மறுப்பதற்கும் உள்ள தொலைவைத் தாய்மார்கள் அறிவார்கள். இந்த நோய்க்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி நல்ல பலன் தந்தாலும், விலை நம்மில் மிகப் பலருக்கு எட்டாதது.

மருந்தில்லாத சிகிச்சைகளும் ஆய்வு செய்யப்பட்டிருக்கின்றன. கட்டிலின் தலைமாட்டை உயர்த்துங்கள் என்று பாடநூல் சொல்லும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் பாய் விரித்துப் படுப்பவரிடம் எந்தக் கட்டிலை உயர்த்தச் சொல்வது? நெதர்லாந்தில் 57 பேரிடம் இரவு முழுவதும் அளந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், மேலேறிய அமிலம் நீங்க இடப்பக்கம் படுத்தபோது 35 நொடிகளும் வலப்பக்கம் படுத்தபோது 90 நொடிகளும் ஆயின. இடப்பக்கம் படுப்பதற்குக் கட்டில் வேண்டாம். அதேபோல, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிவதும் வயிற்றை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளக்கூடியது. சற்றுத் தளர்த்திக் கட்டும்படி சொல்கிறேன்.

தேநீரைப் பற்றிப் பேசாமல் நீலகிரியில் தொண்டையைப் பற்றிப் பேச முடியாது. குன்னூர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும், அது போதுமான அளவுக்கு மேல் சூடு. 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. குற்றம் சூட்டின்மீது, இலையின்மீது இல்லை. ஐந்து நிமிடம் ஆறவிட்டால் போதும். விழுங்கும்போது அடைப்பு, காரணமின்றி எடை குறைதல், கறுப்பு மலம், இரத்த வாந்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் அட்டையை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

மேலே சொன்ன எண்கள் அனைத்தும் யாரோ சிலர் ஆய்வுக்கு உடன்பட்டதால் கிடைத்தவை. இந்தியாவில் மருந்தாய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பங்கேற்பாளர் அறிந்து தரும் இசைவு, ஆய்வால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் எல்லாம் உண்டு. ஆனால் நாள் கூலியை விட்டு, பர்லியார் வளைவுகளில் இறங்கிக் கோவைக்குப் பலமுறை போய்வரக் கூடியவர் யார்? தோட்டத் தொழிலாளரின் உடல் ஆய்வுக் கணக்குகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. வெறிநாய்க்கடிக்கான பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கிய, மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் மெக்கரிசன் உணவுக்குறைபாட்டு ஆய்வுகளை நடத்திய குன்னூரிலிருந்து இதை எழுதும்போது கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது.

சென்ற ஆண்டு கோவையில் ஓர் ஆய்வுக்கு அழைக்கப்பட்ட லாரி ஓட்டுநர் ஒருவர், இசைவுப் படிவத்தை என்னிடம் எடுத்துவந்தார். இருவரும் வரிவரியாகப் படித்தோம். "எனக்குப் புது மாத்திரையா, பழசான்னு அங்கிருக்கிற டாக்டருக்கே தெரியாதுங்களா?" என்றார். தெரியாது, முடிவு தெரியும்வரை தெரியவும் கூடாது என்றேன். "நடுவுல வேண்டாம்னு தோணுச்சுன்னா?" எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சைக்குக் குறை வராது என்று அந்த வரியைச் சுட்டிக் காட்டினேன். அதைத் தாமே ஒருமுறை விரல் வைத்துப் படித்துவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்று படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.