பட்டா நிலத்துச் சோலைக்கு ஊராட்சியில் பணம் உண்டா?

ஏற்காட்டு மலையில் நாகலூரிலோ வாழவந்தியிலோ உங்களுக்கு நான்கைந்து ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது, அதன் ஓரத்தில் கோடாலி படாத சோலை ஒரு துண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அழித்து சில்வர் ஓக் வைத்து மிளகு ஏற்றினால் வருமானம். விட்டுவைத்தால் ஊற்றுக்கு நல்லது, கைக்கு ஒன்றும் வராது. "காட்டைக் காப்பாற்ற ஊராட்சியில் நிதி இருக்கிறதாமே" என்று யாராவது சொல்லியிருந்தால் அது பாதி உண்மை. நிதிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு என்று பட்டாதாரர் கணக்கில் விழும் மானியம் அல்ல அது.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், அதாவது பல்லுயிர்ச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது (பிரிவு 41). கிராம ஊராட்சியானாலும் சேலம் மாநகராட்சியானாலும் இதே விதிதான். குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பிரிவு 43 உள்ளாட்சிப் பல்லுயிர் நிதி என்று தனியாக ஒரு நிதியை வைக்கச் சொல்கிறது. மாநில அரசின் மானியம், சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையமும் மாநிலப் பல்லுயிர் வாரியமும் தரும் தொகை, குழு வசூலிக்கும் சேகரிப்புக் கட்டணம் எல்லாம் அதில் சேரும். கடுக்காய், நெல்லி போன்றவற்றை வணிகத்துக்காகத் தன் எல்லைக்குள் சேகரிப்பவர்களிடம் குழு கட்டணம் விதிக்கலாம். அரசு மானியம் தாமதமானாலும் குழுவின் கையிலேயே இருக்கும் வருமான வழி இது. அதிகம் பேசப்படாத வழியும் இதுதான்.

சரி, இந்தப் பணம் தனியார் நிலத்துக்கு வருமா? உள்ளாட்சி எல்லைக்குள் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கும் ஊராரின் நன்மைக்கும் செலவிட வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நிபந்தனை. புறம்போக்கில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால் கேட்கும் விதம் முக்கியம். "என் சோலைக்குப் பணம் கொடுங்கள்" என்றால் நகராது. உங்கள் சோலையிலிருந்து இறங்கும் ஓடைதான் கீழ் ஊருக்குக் குடிநீர் என்றால், அதன் கரையில் மண்டிய உண்ணிச்செடியை அகற்றவோ, உள்ளூர் மரக்கன்றுகளுக்கு நாற்றங்கால் போடவோ குழு திட்டம் போடலாம். ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பது மனுவின் முதல் பத்தியில் இருக்கட்டும்.

அதற்கு முன் மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் உங்கள் நிலத்துச் செடிகளும் உயிர்களும் ஏறியிருக்க வேண்டும். இந்தப் பதிவேட்டைத் தயாரிப்பது குழுவின் முதல் வேலை. சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற தாவரம் உங்கள் தோட்டத்தில் நின்று, பதிவில் இல்லாமல் போனால், நிதி கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது. அரிய ஆர்க்கிட் இருந்தால் பெயரைப் பதியுங்கள், ஆனால் எந்த மரத்தில், எந்தச் சர்வே எண்ணில் என்பதை ரகசியமாக வைக்கச் சொல்லுங்கள். திருட்டுக்கு நாமே முகவரி எழுதிக் கொடுக்க வேண்டாம்.

நில உரிமையாளருக்கு நேரடியாகப் பணம் வரும் வழியும் ஒன்று உண்டு. உங்கள் நிலத்து மூலிகையையோ, குடும்பத்தில் வழிவழியாக வந்த மூலிகை அறிவையோ ஒரு நிறுவனம் பயன்படுத்தி, அதற்குப் பலன் பகிர்வுத் தொகை (கிடைக்கும் பலனில் ஒரு பங்கு) விதிக்கப்பட்டால், அது குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து பெறப்பட்டது என்னும்போது அவருக்கே நேரடியாகக் கொடுக்க ஆணையம் உத்தரவிடலாம். பயிரிட்ட மூலிகைகளுக்குப் பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தம் இந்தப் பலன் பகிர்விலிருந்து விலக்கு தந்திருக்கிறது. பயிரிட்டதுதான் என்று காட்ட வேண்டிய தோற்றச் சான்று குழுவிடமிருந்துதான் வர வேண்டும்.

அப்புறம் சமுதாயக் காப்பகம், அதாவது ஊராரோ தனிநபரோ தங்கள் நிலத்தில் காட்டுயிர்களைக் காக்க அரசு அறிவிக்கும் இடம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவின்படி, தனிநபர் தாமாக முன்வந்தால் அவருடைய நிலத்தையும் அரசு சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். 2022 திருத்தத்துக்குப் பின், தனியார் நிலம் என்றால் மேலாண்மைக் குழுவில் நில உரிமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சிப் பிரதிநிதி மூவரும் இருப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அறிவித்த பிறகு, குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. நாளைக்கு ஒரு ஹோம்ஸ்டே கட்டலாம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்து முடிவெடுத்த பிறகே கையெழுத்து.

கோயில் காடு போன்ற இடங்களுக்குப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு பொருத்தம். தமிழ்நாட்டில் முதலில் அதைப் பெற்றது மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, 2022இல். அறிவிப்பால் பொருளாதார பாதிப்பு அடைவோருக்கு இழப்பீடோ மறுவாழ்வோ தரும் திட்டத்தை மாநில அரசு வகுக்க வேண்டும் என்று பல்லுயிர்ச் சட்டத்தின் பிரிவு 37 சொல்கிறது. உங்கள் பட்டா நிலம் அந்த எல்லைக்குள் வரப்போகிறது என்றால், இந்தப் பேச்சை அறிவிப்புக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

"மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறேன், அதற்கு ஈடு கொடுங்கள்" என்ற வாதம் ஏற்காட்டில் எடுபடாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்தே இருக்கிறது. சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும். சட்டம் ஏற்கெனவே தடுத்திருப்பதைச் செய்யாமல் இருந்ததற்கு எந்த அலுவலகமும் பணம் தராது. கூடுதலாக என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

சமவெளியில் நிலம் இருப்பவர்களுக்கு விவசாய நிலங்களில் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் இருக்கிறது. இது உள்ளாட்சி நிதி அல்ல, வேளாண்மைத் துறை வழியாக வருவது. வரப்போரம் என்றால் ஏக்கருக்கு 50 கன்றுகளும், வயல் முழுக்க என்றால் 160 கன்றுகளும் இலவசம். பிழைத்த கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. உழவன் செயலியில் பதியலாம். தேக்கும் மகோகனியும் வரிசையாக நின்றால் அது சோலை ஆகிவிடாது. ஆனாலும் வெறும் வரப்புக்கு இது மேல்.

கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மனுவை முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பட்டா, நில வரைபடம், சோலையின் படங்கள், ஓடை எந்த ஊருக்குப் போகிறது என்ற குறிப்பு இணைப்பில் இருக்கட்டும். "குழுவே இல்லை, நிதியே இல்லை" என்ற பதில் வந்தால் அங்கேயே விட வேண்டாம். குழுவின் ஆண்டறிக்கையும் தணிக்கையான கணக்கும் மாவட்ட ஆட்சியருக்குப் போயாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த இரண்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்.