டிடெக்டிவ் – துப்பறிவாளர்

கய் ரிச்சியின் இயக்கத்தில் 2009-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் வெளியான ‘ஷெர்லாக் ஹோம்ஸ்’ திரைப்படத்தின் நாயகர், புகைக்குழாயோடு நாற்காலியில் சாய்ந்து சிந்திக்கும் மனிதர் மட்டுமல்லர். ராபர்ட் டவுனி ஜூனியர் ஏற்ற அந்த ஹோம்ஸ் கூரையிலிருந்து குதிக்கிறார், குத்துச்சண்டைக் களத்தில் சட்டையின்றி நிற்கிறார், ஜூட் லா ஏற்ற தோழர் வாட்சனோடு ஓயாமல் சச்சரவிட்டுச் சிரிப்பை மூட்டுகிறார். டிடெக்டிவ் என்றால் அறிவால் மட்டும் வெல்பவர் என்று நினைத்திருந்த பலருக்கு இந்த அதிரடி ஹோம்ஸ் புதியவராகத் தோன்றினார். ஆனால் அச்சொல்லுக்கு நாம் வழங்கும் தமிழ்ச்சொல்லை ஆராய்ந்தால், அவர் நமக்கு அவ்வளவு அந்நியர் அல்லர் என்பது விளங்கும்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். இலத்தீனில் ‘தெகெரே’ என்றால் மூடுதல். அதன்முன் ‘தே’ என்னும் முன்னொட்டு சேர்ந்து ‘தேதெகெரே’ ஆனால் மூடியதை நீக்குதல் என்று பொருள். கூரை வேயும் ஓடு என்று பொருள்படும் ‘டைல்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆகவே டிடெக்டிவ் என்பவர், வேர்ப்பொருளின்படி, கூரை ஓடுகளைப் பிரித்து வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுபவர். இச்சொல் தொழிற்பெயராக நிலைபெற்றது மிக அண்மையில்தான். 1842-இல் இலண்டன் மாநகரக் காவல்துறை, இரண்டு ஆய்வாளர்களையும் ஆறு சார்ஜென்ட்களையும் கொண்டு ஸ்காட்லாந்து யார்டில் ஒரு தனிப்பிரிவை அமைத்தது. அக்காலத்தில் ‘டிடெக்டிவ் போலீஸ்’ என்று, காவலருக்கு அடைமொழியாகவே இச்சொல் வழங்கியது. 1850-இல் சார்லஸ் டிக்கன்ஸ் அவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் அப்படியே வருகிறது. பின்னரே அடைமொழி தனித்து நின்று பெயர்ச்சொல் ஆயிற்று. 1887-இல் கானன் டாயிலின் முதல் ஹோம்ஸ் கதை வெளிவந்தபோது, தம்மைக் ‘கன்சல்டிங் டிடெக்டிவ்’ என்று, அதாவது பிறர் தேடிவந்து ஆலோசனை கேட்கும் துப்பறிவாளர் என்று, ஹோம்ஸ் அறிமுகப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு அச்சொல் ஊன்றிவிட்டது.

தமிழிலும் ஏறத்தாழ இதே வழிதான் நடந்திருக்கிறது. தேவன் படைத்த சாம்புவும் தமிழ்வாணன் படைத்த சங்கர்லாலும் ‘துப்பறியும் சாம்பு’, ‘துப்பறியும் சங்கர்லால்’ என்றே நம் நாவில் நிலைத்தார்கள். அங்கே ‘துப்பறியும்’ என்பது பெயரெச்சம். அந்த எச்சம் முற்றிப் பெயராகி, எழுத்தாளர், பேச்சாளர் என்பவற்றைப் போல ‘ஆளர்’ விகுதி பெற்றதே துப்பறிவாளர். ஹோம்ஸின் சாயலில் மிஷ்கின் இயக்கி 2017-இல் வெளிவந்த படத்துக்குத் ‘துப்பறிவாளன்’ என்றே பெயர் அமைந்ததால், இன்று இச்சொல்லை அறியாத தமிழர் குறைவு.

இச்சொல்லின் உயிர் ‘துப்பு’ என்ற பகுதியில் இருக்கிறது. இன்றைய வழக்கில் துப்பு என்பது மறைந்த ஒன்றைப் பற்றிக் கிடைக்கும் குறிப்பு: துப்புக் கிடைத்தது, துப்புக் கொடுப்பவருக்குச் சன்மானம் என்கிறோம். பழைய தமிழிலோ அதற்குப் பொருள்கள் பல. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்னும் குறளில் துப்பு உணவு. (இக்குறளில் வரும் ‘துப்பாக்கி’ உணவை ஆக்கி என்று பொருள்படும், சுடும் துப்பாக்கியோ ‘துஃபெக்’ என்னும் துருக்கிச் சொல்வழி வந்தது, இதனோடு உறவில்லாதது.) ‘அன்பிலன் ஆன்ற துணையிலன் தான்துவ்வான்’ என்று தொடங்கும் 862-ஆம் குறள், அப்படிப்பட்டவன் எப்படிப் பகைவனின் ‘துப்பை’ அழிப்பான் என்று கேட்கிறது, அங்கே துப்பு வலிமை. பவளத்துக்கும் அது பெயர். ‘தட்டிக் கேட்கத் துப்பில்லை’, ‘துப்புக்கெட்டவன்’ என்று இன்றும் சொல்லும்போது, திறமும் தெம்பும் இல்லாமையைத்தான் குறிக்கிறோம். குறிப்பு, திறம், வலிமை ஆகிய மூன்றும் ஒரே ஒலிக்குள் அடங்கியிருப்பதைச் சொற்பிறப்புக்குச் சான்றாக நான் காட்டவில்லை. ஆயினும், குறிப்புகளைத் தேடும் அறிவும் எதிரியை வீழ்த்தும் தெம்பும் கூடிய ஒருவரைத் திரையில் காணும்போது, ‘மூடியதை நீக்குபவர்’ என்பதைவிடத் துப்பறிவாளர் என்பது எனக்கு நிறைவான பெயராகப் படுகிறது. டாயிலின் ஹோம்ஸும் முதற்கதையிலிருந்தே குத்துச்சண்டையும் வாள்வீச்சும் தேர்ந்தவர் என்பதால், படம் இல்லாததைப் புகுத்தவில்லை. கதையில் ஓரமாக இருந்ததை நடுவுக்குக் கொண்டுவந்தது.

அந்தப் படத்தில் நான் மிகவும் மதிக்கும் உத்தி ஒன்று உண்டு. சண்டைக்கு முன் ஹோம்ஸ், எந்த அடிக்கு எதிரி எப்படித் தடுமாறுவான், அடுத்த அடி எங்கே விழவேண்டும் என்று மனத்துக்குள் கணக்கிடுவது மெதுவான ஓட்டத்தில் காட்டப்படுகிறது. பிறகு அதே அடிகள் கண்ணிமைக்கும் வேகத்தில் விழுகின்றன. தெரிந்ததிலிருந்து தெரியாததை எட்டும் இந்தச் செயலுக்குத் தமிழில் உய்த்துணர்தல் என்று பெயர். தொல்காப்பிய மரபியலின் உத்திப் பட்டியலில் ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ இடம்பெறுகிறது. ஆகவே இதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘டிடக்‌ஷன்’ என்பதற்குப் புதுச்சொல் தேடவேண்டியதில்லை.

இனி, துப்பறிவாளரோடு சேர்த்துக் குழப்பப்படும் சொற்கள். ‘கண்டுபிடிப்பாளர்’ என்றால் புதுக்கருவி படைப்பவர். வேர்ப்பொருள் நெருங்கினாலும் இங்கே பொருந்தாது. ‘ஒற்றர்’ பழமையான அழகிய சொல். குறளின் 59-ஆம் அதிகாரமே ஒற்றாடல். ‘துறந்தார் படிவத்த ராகி இறந்தாராய்ந்து என்செயினும் சோர்விலது ஒற்று’ என்று, துறவியின் வேடத்தில் சென்று ஆராய்ந்து, பிறர் என்ன துன்பம் செய்தாலும் சோராதவரே ஒற்றர் என்கிறது. வேடம் புனைந்து ஒருவரைப் பின்தொடரும் ஹோம்ஸுக்கு இது பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் ஒற்றர் அரசனுக்காகச் செய்தி திரட்டுபவர். அறிந்ததை முடிச்சவிழ்த்து விளக்குவது அவர் கடமையன்று. படத்தில் ஹோம்ஸின் எதிரியான மோரியார்ட்டியின் பிடியில் இருந்துகொண்டு அவனுக்காக இயங்கும் ஐரீன் அட்லருக்குத்தான் ஒற்று என்பது நெருக்கமானது. உளவாளியும் அவ்வகையே.

‘புலனாய்வாளர்’ என்பது சட்டத்தின் அதிகாரத்தோடு வழக்கை விசாரிப்பவரைக் குறிக்கும். தமிழ்நாட்டில் குற்றப் புலனாய்வுத் துறை என்றும் இலங்கையில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் என்றும் அரசே இச்சொல்லை ஆள்கிறது. எனவே ஸ்காட்லாந்து யார்டைச் சேர்ந்த லெஸ்ட்ரேட் புலனாய்வாளர். பேக்கர் தெருவில் வாழ்ந்து, எவருடைய ஆணைக்கும் உட்படாத ஹோம்ஸ் துப்பறிவாளர். பதவியில் இல்லாதவரைத் ‘தனியார் துப்பறிவாளர்’ என்று வேறுபடுத்தவேண்டிய இடத்தில் அப்படியே எழுதலாம். அவர் செய்யும் வேலையைத் ‘துப்புத் துலக்குதல்’ என்பது வழக்கு: துலக்குதல் என்றால் பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் தேய்த்து மின்னவைப்பது.