சிவப்புத் துணி கட்டிய கத்தரிச் செடி

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு முள்ளுக் கத்தரித் தோட்டம். காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு செடியை மட்டும் தொடாமல் தாண்டிப் போனார்கள். கிளையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. “அது விதைக்கு விட்டது சார், நோய் நொடி இல்லாத செடி” என்றார் தோட்டத்து ஆயா. காய் மஞ்சளாகப் பழுத்துத் தோல் தளரும்வரை அப்படியே விடுவாராம். பிறகு அறுத்துத் தண்ணீரில் பிசைவார். மிதப்பது பொக்கு, அடியில் தங்குவதுதான் விதை. அதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, ஒன்றிரண்டைப் பல்லில் வைத்துப் பார்ப்பார். ‘டக்’கென்று உடைந்தால் சரி. நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வேலூருக்குப் பெருமைதான். ஆனால் குறியீடு காப்பது பேரை. விதையைக் காப்பது இந்த ஆயாவின் கை.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை முதல் தடவை நன்றாகவே காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் செடிக்குச் செடி வேறாக வரும். அதனால் பட்டத்துக்குப் பட்டம் காசு. மழை ஏமாற்றி மறுவிதைப்பு வந்தால் அதற்கும் காசு.

விதை ஆலோசனை சொல்கிற நானே ஒரு தவறு செய்தேன். ஊர்க் குழு சேர்த்த கேழ்வரகு, சாமை, அவரை விதை முழுவதையும் ஒரே அறையில் வைக்கச் சொன்னேன். 2021 நவம்பரில், பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய அந்த மழையில் கூரை ஒழுகி எல்லாம் பூஞ்சணம் பிடித்தது. மூட்டையைப் பிரித்தபோது வந்த வாடை இன்னும் மறக்கவில்லை. சாமை ஜவ்வாது மலை வீடுகளிலிருந்து திரும்ப வந்தது. அவரை, குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த ஒரு மகளின் வீட்டிலிருந்து வந்தது. சீர்வரிசையோடு முடிச்சில் கட்டிக்கொண்டு போன ஒரு பிடி விதை! அன்றிலிருந்து ஒரு ரகத்தை மூன்று வீட்டிலாவது பிரித்து வைக்கச் சொல்கிறேன். குழுவின் விதையில் ஒரு படி வாங்கினால் அறுவடையில் இரண்டு படி திருப்ப வேண்டும்.

“விதை கொடுத்தால் கேஸ் போடுவாங்களா சார்?” என்று கூட்டந்தோறும் கேட்கிறார்கள். பயப்படத் தேவையில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39-ஆம் பிரிவு, தன் விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டுப் பொட்டலமாக விற்பதற்குத்தான் தடை.

மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, தோலோடு வையுங்கள், விதைக்கும் சமயத்தில் உரித்தால் போதும். அவரை, துவரை விதைக்குச் செம்மண் பூசிக் காயவையுங்கள், வண்டு அண்டாது. ஆடிப் பட்டத்துக்கு முன்பே நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். கத்தரியிலும் மல்லாட்டையிலும் குறைந்தது எழுபது முளைக்க வேண்டும். குறைந்தால் பக்கத்து வீட்டு விதையைக் கேட்டு வாங்க அப்போது நாள் இருக்கும்.