மீன் கேட்பது பேச்சையா, காலடியையா?

பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கும் என் அத்தை பையன் போன வாரம் ஒரு நீண்ட குரல் செய்தி அனுப்பியிருந்தான். "மச்சான், தனியா ஆத்துல இறங்கினா நல்ல பெரிய ஸ்மால்மவுத் பாஸ் மாட்டுது. ஆபீஸ் பசங்க ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனா ஒரு சாண் குஞ்சுங்கதான். அவனுங்க ஓயாம பேசுறதால மீன் ஓடுதா, இல்ல அவனுங்க ராசியே அப்படியா?"

ராசியை விடுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன். பேச்சும் காரணமில்லை, அந்தப் பையன்கள் பாவம். குற்றவாளி அவர்களுடைய நாலு கால்கள்.

சஸ்குவஹானா ஆற்றை நான் ஒரு ஆகஸ்ட் மாதம் அவனோடு போய்ப் பார்த்திருக்கிறேன். ஹாரிஸ்பர்க் அருகே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலம், ஆனால் கோடையில் பல இடங்களில் முழங்கால், தொடை ஆழம்தான். குறுக்கே படிப்படியாகப் பாறை வரிசைகள் ஓடுகின்றன. படகு இல்லாமல், கால்சட்டையோடு இறங்கி நடந்தே தூண்டில் போடுவார்கள். ஸ்மால்மவுத் வெண்கல நிறம், சிவந்த கண், பாறை இடுக்கில் கிரேஃபிஷ் (நண்டுக் கொடுக்கும் இறால் உடம்புமாக இருக்குமே, அது) தேடித் தின்னும். இது பெரிய ஏரிகளுக்கும் ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றுப் பக்கங்களுக்கும் உரிய மீன், கிழக்குப் பக்க ஆறுகளுக்கு மனிதர்கள் கொண்டுவந்து விட்டது. பக்கத்து பொட்டோமாக் ஆற்றுக்கு 1854-ல் ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் பயணம் செய்து வந்திருக்கிறது! ஆற்றில் அரை மீட்டர் நீள மீன் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த அளவுக்கு வளரப் பத்து வருடம்கூட ஆகலாம். பத்து வருடம் தூண்டில்களுக்கும் கொக்குகளுக்கும் தப்பிய மீன் என்றால் அது சந்தேகப் பிராணியாகத்தான் இருக்கும்.

சரி, பேச்சு. காற்றிலிருந்து நீருக்குள் ஒலி நுழைவது மகா கஷ்டம். நேர் மேலிருந்து விழும் ஒலியிலேயே ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே போகும், மிச்சம் திரும்பிவிடும். செங்குத்திலிருந்து 13 டிகிரிக்கு மேல் சாய்ந்து வருகிற ஒலி அமைதியான நீர்ப்பரப்பில் அப்படியே எகிறிவிடும். இருபதடி தள்ளி நின்று கிரிக்கெட் பேசினால் மீனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆனால் ஒருவன் ஆற்றுக்குள் ஒரு கூழாங்கல்லை மிதித்து அது இன்னொன்றின் மேல் கறக் என்று உரசினால், அந்த ஒலி பிறப்பதே நீருக்குள்தான். நொடிக்குக் கிட்டத்தட்ட 1,480 மீட்டர் வேகம், காற்றில் போவதைப்போல நாலு மடங்கு.

மீனின் உடம்பும் ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான், அதனால் ஒலி வரும்போது தண்ணீரோடு சேர்ந்து மீனும் ஆடும். உள்காதில் இருக்கும் சுண்ணாம்புச் செவிக்கல் மட்டும் கனம், அது பின்தங்கும். பஸ் திடீரென்று நகரும்போது நாம் பின்னால் சாய்வோமே, அதுதான். கல் பின்தங்கும்போது அடியிலுள்ள மயிர்ச் செல்கள் வளைகின்றன, மீன் கேட்கிறது. பத்து மீட்டர் தள்ளி நீங்கள் கல்லை உருட்டியது இப்படித்தான் அதற்குத் தெரிகிறது. நம்மூர்க் கெண்டை, கட்லா வகைகளுக்குக் காற்றுப்பையையும் காதையும் இணைக்கும் குட்டி எலும்புகள் உண்டு, கீச்சென்ற ஒலிகூடக் கேட்கும். பாஸுக்கு அது கிடையாது. அது கேட்பது தாழ்ந்த ஒலிகளைத்தான். காலடி அதில் ஒன்று.

எனக்குப் பிடித்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். மாட்டிய மீனைத் திரும்ப விடுவதற்கு முன் ஒரு நொடி அதன் பக்கவாட்டைப் பாருங்கள். செவுளுக்குப் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் தையல் போட்டதுபோல ஒரு கோடு போகும். அந்த வரிசையில் ஒவ்வொரு செதிலிலும் ஒரு துளை. பள்ளிக்கூடத்தில் 'பக்கக்கோடு' என்று படம் வரைந்து பாகம் குறித்திருப்போம், இரண்டு மதிப்பெண்ணோடு மறந்திருப்போம். துளைகளுக்கு உள்ளே திரவம் நிறைந்த ஒரு கால்வாய். இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு நியூரோமாஸ்ட், அதாவது மயிர்ச் செல்களின் கொத்து, மேலே கூழ் மாதிரி ஒரு தொப்பி.

கொத்தனார் கையில் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்கிறவரை உள்ளே தண்ணீர் அசையாது. ஒரு முனையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், ஓடும். இந்தக் கால்வாயும் அதே வேலைதான். ஆறு நாள் முழுக்க ஒரே சீராக உடம்பை உரசிக்கொண்டு போனாலும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் அழுத்தம் ஒன்றுதான், உள்ளே சலனமே இல்லை. ஒரு கிரேஃபிஷ் வாலைச் சுண்டினால் இரண்டு துளைக்கும் அழுத்தம் மாறுபடும், திரவம் நகரும், தொப்பி சாயும். அதாவது ஆற்றின் இரைச்சலைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்கிற கருவி, பேட்டரி இல்லாமல், வெறும் குழாயும் ஓட்டையும் வைத்து! தோலுக்கு வெளியிலும் கால்வாய் இல்லாத நியூரோமாஸ்டுகள் உண்டு, அவை நேரெதிர், சீரான ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் சொல்பவை. இருட்டிலும் மீன் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்பதற்கு அவையும் ஒரு காரணம்.

இன்னும் உள்ளே போனால் இன்னும் அழகு. ஒரு மயிர்ச் செல்லின் தலையில் மாடிப்படிபோல் உயர வரிசையில் நிற்கும் நுண்மயிர்கள். குட்டையானதன் நுனியிலிருந்து பக்கத்து நெட்டையானதற்கு ஒரு புரத நூல் கட்டியிருக்கிறது. கொத்து நெட்டைப் பக்கம் சாய்ந்தால் நூல் இறுகிக் கதவைத் திறக்கும், அயனிகள் உள்ளே பாயும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நூல் தளரும், கதவு மூடும். நானோமீட்டர் அளவு அசைவே இதற்குப் போதும். ஒரே கொத்தில் பாதிச் செல்கள் தலைப்பக்கம் பார்த்தும் பாதி வால்பக்கம் பார்த்தும் நிற்பதால், எந்தப் பக்கத்துத் தள்ளல் என்பதும் தெரிந்துவிடுகிறது. இப்போது இந்தக் கட்டுரையை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால், உங்கள் காதிலும் இதே வகைச் செல்தான் வேலை செய்யும்.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டவர்களில் சிலருக்குத் தலைச்சுற்றலும் காது மந்தமும் வந்ததே, அந்த மருந்து குடும்பம் இந்தச் செல்களைத்தான் கொல்கிறது. மீனிலும் கொல்லும். பக்கக்கோட்டை அணைத்துவிட்டுப் பரிசோதிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துவதே இதைத்தான். வித்தியாசம் என்னவென்றால், மீனுக்குச் சில நாட்களில் திரும்ப முளைத்துவிடும், நம் காதில் முளைக்காது. அதனால்தான் வரிக்குதிரை மீன் குஞ்சின் பக்கக்கோட்டில் மருந்துகளைச் சோதிக்கிறார்கள். 'மீனுக்குக் காது கேட்குதான்னு பாக்கவா நம்ம வரிப்பணம்?' என்று கேட்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எங்கள் தெருவில் ஊசியால் காது போன தாத்தா ஒருவர் இருந்தார், அவரிடம் போய்க் கேட்கட்டும்.

பக்கக்கோட்டுக்கு எட்டும் தூரம் குறைவு, உடம்பு நீளத்தைப்போல ஒன்றிரண்டு மடங்கு. ஆனால் உங்கள் கால் செய்கிற கலகத்தை ஆறே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும். 15 செ.மீ. தடிமனான தொடை நொடிக்கு அரை மீட்டர் ஓட்டத்தில் நின்றால், மூன்று நொடிக்கு இரண்டு ஜோடி என்ற கணக்கில் இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழல்கள் கழன்று கீழே மிதந்து போகும். கார்மன் சுழல் வரிசை என்பது இதுதான். பாறைக்குப் பின்னாலும் அதேதான், ஆனால் அந்தப் பாறை நேற்றும் அங்கே இருந்தது. நகர்கிற பாறை மீனுக்குப் புதிது. ஆறு கால்கள் என்றால் ஆறு புதிய பாறைகள், கூடவே கறக் கறக். ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி நடக்கச் சொல்வது இதனால்தான், கலங்கலும் சுழலும் உங்களுக்குப் பின்னால் போய்விடும். நண்பர்களோடுதான் போவேன் என்றால் ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டுப் பக்கவாட்டில் பிரியுங்கள், ஒருவர் கலக்கிய தண்ணீரில் இன்னொருவர் போடாதீர்கள்.

ராசிக்கு வருகிறேன். அங்கேயும் பஞ்சாங்கம் உண்டு, தெரியுமா? 1926-ல் ஜான் ஆல்டன் நைட் என்பவர் ஆரம்பித்த சந்திர-சூரியக் கணக்கு, எந்த நேரத்தில் மீன் கடிக்கும் என்று அட்டவணையே போட்டுத் தரும். ராகு காலம் பார்க்கும் நம்மைக் கிண்டல் செய்யும் ஆட்கள் கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு வண்டி எடுக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான், ஹாரிஸ்பர்க்கில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் நீரோட்ட அளவி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஏனென்றால் தனியாகப் போகிறவனுக்கு மீனை விட ஆறுதான் கணக்கு. ஓட்டம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், ஆழம் கூடக்கூட மிதப்பு உங்களைத் தூக்குவதால் பாதத்தின் பிடியும் குறையும். அத்தை "தனியா தண்ணில இறங்காதேடா" என்று போனில் திட்டுவதை இயற்பியலும் வழிமொழிகிறது. ஊன்றுகோலும் மிதவை உடுப்பும் இல்லாமல் இறங்காதே மச்சான். விழுந்தால் வேகமான தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்காதே, பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஆறு உன்னை அப்படியே அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி மிதந்து, ஓட்டம் தணிந்த இடத்தில் எழு.

அந்த ஆகஸ்டில் எனக்கு ஒன்றும் மாட்டவில்லை. நூல் சிக்கிக்கொண்டதால் அதைப் பிரித்தபடி பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றேன். குனிந்து பார்த்தால், என் வலது முழங்காலுக்குப் பின்னால், ஓட்டம் தணிந்த அந்த ஒரு முழம் இடத்தில், ஒரு ஸ்மால்மவுத் வாலை மெல்ல ஆட்டியபடி நின்றுகொண்டிருந்தது.