எச்பி என்கிற குதிரைத்திறன்

கடலூர் முதுநகரில் படகுக்கு எஞ்சின் பார்த்தாலும் சரி, பண்ருட்டிப் பக்கம் போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கினாலும் சரி, முதல் கேள்வி 'எத்தனை எச்பி?' என்பதுதான். ஹார்ஸ்பவரின் சுருக்கம் அது. தமிழில் குதிரைத்திறன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாட், தம் நீராவி எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குதிரைக்கு நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை என்று கணக்கு வைத்தார். ஒரு பவுண்டு எடையை ஓர் அடி தூக்குவது ஓர் அடி-பவுண்டு. அவர் பெயரையே கொண்ட இன்றைய திறன் அலகில் சுமார் 746 வாட். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் மொழியில் இது 'ஷெவால் வப்பேர்', நீராவிக் குதிரை. 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன், 735.5 வாட்தான் வரும்.

'குதிரைசக்தி' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சக்தி என்றால் விசையா, ஆற்றலா என்று குழப்பம் வரும். நம் பாடநூல்கள் விசை, ஆற்றல், திறன் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு நொடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதே திறன்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் மேடுபள்ளமில்லாத சாலையில் ஒரு கார் மணிக்கு 72 கிலோமீட்டரில் சீராக ஓடுகிறது. வேகம் கூடவே இல்லையே, எஞ்சினுக்கு என்ன வேலை? டயரின் உராய்வும் காற்றின் தடையும் விடாமல் பின்னுக்கு இழுக்கின்றன. அதே அளவு விசையை எஞ்சின் முன்னோக்கிக் கொடுத்தால்தான் வேகம் குறையாமல் நிற்கும். மொத்தத் தடை 500 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் 10,000 வாட், அதாவது 13.4 குதிரைத்திறன். இது சக்கரத்தில் கிடைக்க வேண்டியது. வழியில் கியர்பாக்ஸ் முதலியவற்றில் எஞ்சின் தருவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானால், அது 12,500 வாட் தர வேண்டும். ஏறக்குறைய 17 குதிரைத்திறன்.

அந்த 500 எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. டயரின் தடை பெரிதாக மாறாது. காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரட்டித்தால் காற்றுத் தடை நான்கு மடங்கு; அதை இரட்டித்த வேகத்தால் பெருக்கினால், காற்றைச் சமாளிக்க மட்டும் எட்டு மடங்கு திறன் தேவை. அப்புறம் முந்திச் செல்லவும் மேம்பாலம் ஏறவும் தனியாக வேண்டும். 17 போதுமான இடத்தில் காருக்கு 80, 100 எச்பி வைப்பது இதற்காகத்தான்.