நண்டு வளையும் ஓடுபாதையும்

ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் நீர்ப்பாய்ச்சி குளத்துக் கரை முழுக்க நடந்து பார்ப்பார். நண்டு வளை, எலி வளை, வெளிச்சரிவில் ஈரம் கசிகிற இடம், இவைதான் அவர் தேடுவது. கரை ஒரே ராத்திரியில் உடைந்த மாதிரிதான் நமக்குத் தெரியும், ஆனால் அந்த ஓட்டை பத்து நாளாக அங்கே இருந்திருக்கும், ஆடு மேய்க்கிற யாராவது அதைப் பார்த்தும் இருப்பார்.

விமான விபத்துகளும் பெரும்பாலும் இப்படித்தான். 1974 டிசம்பர் 1, அமெரிக்கா. வாஷிங்டன் நகருக்குப் போய்க்கொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 727 விமானத்தை, காற்று பலமாக இருந்ததால் அந்த நகருக்கு வெளியே இருக்கும் டலஸ் (Dulles) விமான நிலையத்துக்குத் திருப்பினார்கள். தரையிறங்க வரலாம் என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதை, 1,800 அடிக்கு இப்போதே இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். வழியில் மலை. 92 பேரும் இறந்தார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதற்கு அப்புறம் தெரியவந்ததுதான். ஆறு வாரத்துக்கு முன்னால் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருக்கிறது, விமானிகள் அதை நிறுவனத்திடம் சொல்லியும் இருக்கிறார்கள், நிறுவனமும் தன்னுடைய விமானிகளை எச்சரித்திருக்கிறது. டிடபிள்யூஏ விமானிகளுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

இந்தப் பாடத்துக்குப் பிறகுதான் 1976ல் விமானிகள் தண்டனை பயமில்லாமல் தகவல் சொல்ல அமெரிக்காவில் தனி ஏற்பாடு வந்தது. அதை நடத்தும் பொறுப்பு நாசாவிடம் போனது, ஏனென்றால் உரிமத்தைப் பறிக்கக்கூடிய துறையிடமே போய் யாரும் தன் தவறைச் சொல்ல மாட்டார்கள்.

பாதுகாப்பு மேலாண்மை முறை (Safety Management System), சுருக்கமாக எஸ்எம்எஸ், ஓட்டையை முன்கூட்டியே கண்டு சொல்கிற இந்த வேலையை ஒவ்வொரு விமான நிறுவனத்துக்குள்ளும் தினப்படி நடக்க வைக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2013ல் இதற்கென்றே 19வது இணைப்பு என்று ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. வேலை செய்யும் விதம் எளிதுதான். விமானி, மெக்கானிக், பெட்டி ஏற்றுகிறவர் என்று யார் எதைப் பார்த்தாலும் எழுதிக் கொடுக்கலாம். விமானத்தில் பதிவாகும் தகவலையும் விபத்து நடக்கும்வரை காத்திராமல் வழக்கமாக எடுத்துப் பார்ப்பார்கள், வேகம் கூடுதலாக இறங்கியதா, சக்கரம் ஓங்கித் தரையில் மோதியதா என்று. அப்புறம் ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு கேள்வி: எத்தனை தடவை நடக்கக்கூடும், நடந்தால் எவ்வளவு சேதம்? முதலாவதற்கு 1 முதல் 5 வரை எண், இரண்டாவதற்கு ஏ முதல் இ வரை எழுத்து, இரண்டையும் கட்டம் போட்டுச் சேர்த்துப் பார்த்து எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்கிறார்கள். சரிசெய்தாயிற்று என்று கோப்பை மூடிவிடவும் கூடாது, அடைத்த வளை மறுபடி திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் பறக்க நாம் அங்கேதான் போகிறோம். 1,350 மீட்டர் ஓடுபாதையில் புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் விமானங்கள்தான் பல வருஷமாக வந்துபோயின. இப்போது ஓடுபாதை 3,115 மீட்டர், 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தார்கள். நம் ஊருக்கு ரொம்ப நல்ல காரியம். ஆனால் விமானம் பெரிதானால் பழைய ஆபத்துக் கணக்கு செல்லாது. கார்த்திகையில் குளங்கள் நிறைந்து கொக்கும் நாரையும் கூட்டமாக வரும்போது ஜெட் என்ஜினுக்கு அது வேறு மாதிரி ஆபத்து. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் கிளம்பிய ஏ320 விமானத்தின் இரண்டு என்ஜினுக்குள்ளும் பெருவாத்துகள் புகுந்து, விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்க வேண்டியதாயிற்று, 155 பேரும் பிழைத்தது பெரிய விஷயம். மாற்றம் வரும் முன்பே புதுக் கணக்குப் போடு என்பது எஸ்எம்எஸ்ஸின் கட்டாயப் பகுதி.

தெரியாமல் செய்த தவறைச் சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது, வேண்டுமென்றே விதியை மீறியவரை விடவும் கூடாது. இந்தக் கோடு தெளிவாக இல்லாவிட்டால் எந்தப் படிவமும் நிரம்பாது. சொன்ன தகவலை வைத்து என்ன செய்தார்கள் என்று சொன்னவருக்குப் பதிலும் போக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை அவர் வாயைத் திறக்க மாட்டார்.

இரண்டு விமானம், பத்துப் பேர் வைத்திருக்கும் பயிற்சிப் பள்ளிக்கோ ஹெலிகாப்டர் நிறுவனத்துக்கோ இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இது கூடுதல் அவசியம் என்பேன், ஒரே ஆள் பறக்கவும் கணக்குப் பார்க்கவும் செய்கிற இடத்தில் அசதி சீக்கிரம் சேரும். பெரிய மென்பொருள் வேண்டாம், நிறுவனத்தின் அளவுக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளத்தான் விதியே சொல்கிறது. ஒரு நோட்டு, மாதம் ஒரு கூட்டம் என்று ஆரம்பிக்கலாம். கடைசிப் பொறுப்பு தலைமையில் இருப்பவருக்கே என்பதால் நோட்டின் முதல் பக்கத்தை அவரே எழுதட்டும்: "போன வாரம் அவசரத்தில் எரிபொருள் கணக்கைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்" என்று.